விலைப்பட்டியலை மடித்து வையுங்கள்

“விமானம் ஓட்டக் கத்துக்கலாம்னு இருக்கேன், எந்த கிளப்புல சேரலாம்?” என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கையோடு ஒரு விலைப்பட்டியலும் கொண்டுவருவார்கள். பாலோ ஆல்டோவில் செஸ்னா மணிக்கு இவ்வளவு, ரீட்-ஹில்வியூவில் இவ்வளவு, சான் கார்லோஸில் கொஞ்சம் கூட, லிவர்மோரில் கொஞ்சம் குறைச்சல். எல்லாம் எக்செல்லில் கட்டம் கட்டி, குறைந்த விலைக்குப் பச்சை வண்ணம் பூசியிருக்கும். சிலிக்கான் பள்ளத்தாக்கு நம்மவர்களுக்கு எதையும் எக்செல்லில் போட்டால்தான் மனசு ஆறும். டீயைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பட்டியலை மடித்து வைக்கச் சொல்வது என் வழக்கம். மணிக்கு எத்தனை டாலர் என்பதைக் கடைசியில் கேட்டால் போதும். வாரத்துக்கு எத்தனை தடவை உங்களைப் பறக்க விடுவார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

காரணத்தையும் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். தனியார் பைலட் உரிமத்துக்கு அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. கேட்பது குறைந்தபட்சம் 40 மணி நேரப் பறப்பு. அதில் 20 மணி இன்ஸ்ட்ரக்டரோடு, 10 மணி தனியாக. ‘பார்ட் 141’ என்ற கெடுபிடியான பாடத்திட்டத்தில் நடக்கும் பள்ளியென்றால் 35 மணி போதும். இதெல்லாம் சட்டப் புத்தகத்தில் உள்ளது. நடப்பில் 60 முதல் 75 மணி ஆகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே கற்பவர்களுக்கு அதற்கு மேலும் போகும்.

அந்தக் கூடுதல் மணி எங்கே போகிறது? மறந்ததைத் திரும்பப் படிப்பதில் போகிறது. தரையிறங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதைக்குப் பத்துப் பதினைந்து அடி மேலே வந்ததும் எஞ்சின் விசையை முழுக்கக் குறைத்து, பார்வையை ஓடுபாதையின் கடைசி முனைக்குக் கொண்டுபோய், அவசரம் இல்லாமல், கைப்பிடியைக் கொஞ்சங்கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்து மூக்கைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். விமானம் இறங்கப் பார்க்கும், நீங்கள் விடக்கூடாது. விடாமல் பிடிக்கப் பிடிக்க வேகம் செத்து, பின்சக்கரங்கள் இரண்டும் தாமாகத் தரையைத் தொடும். சில விநாடி சமாசாரம்தான். ஆனால் எப்போது இழுப்பது, எவ்வளவு இழுப்பது என்பது கையிலும் கண்ணிலும் படிய வேண்டிய விஷயம். மூன்று நாள் இடைவெளியில் திரும்பிப் போனால் கை நினைவு வைத்திருக்கும். மூன்று வாரம் கழித்துப் போனால் அன்றைய வகுப்பில் முக்கால்வாசி, போன வகுப்பு முடிந்த இடத்துக்குத் திரும்பி வருவதிலேயே தீர்ந்துவிடும்.

இப்போது கணக்கு. ஒரு கிளப்பில் விமானம் மணிக்கு 170 டாலர், ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் இடம் கிடைக்கிறது, 80 மணி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றில் 200 டாலர், வாரம் இருமுறை பறக்கலாம், 60 மணியில் முடிகிறது. முதலாவதில் விமான வாடகை 13,600, இரண்டாவதில் 12,000. இன்ஸ்ட்ரக்டருக்கு மணிக்கு 90 டாலர் என்று போட்டு, அங்கே 55 மணி, இங்கே 40 மணி அவர் கூட வந்தார் என்றால், மொத்தம் 18,550-க்கு எதிராக 15,600. பச்சை வண்ணம் பூசிய கிளப்தான் கிட்டத்தட்ட 3,000 டாலர் கூடுதலாகப் பிடுங்குகிறது. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. பரீட்சைக் கட்டணம், ஹெட்செட், மருத்துவச் சோதனை எல்லாம் சேர்ந்து பே ஏரியாவில் இன்று 20,000 டாலரைத் தாண்டுவது சாதாரணமாகிவிட்டது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கிளப் என்று எதைச் சொல்கிறோம்? இந்த ஊரில் அந்தப் பெயரில் இரண்டு வேறு வேறு ஜாதி உண்டு. ஒன்று நிஜமான கூட்டுறவு. பத்திருபது பேர் சேர்ந்து ஒன்றோ இரண்டோ விமானத்தைச் சொந்தமாக வாங்கி, ஆளுக்கொரு பங்கு வைத்திருப்பார்கள். சேரும்போது பங்குத்தொகை, மாதாமாதம் சந்தா, பறக்கும்போது மணிக்குக் குறைந்த கட்டணம். லாபம் பார்க்கக்கூடாது. ஆண்டுக்கொரு முறை எல்லாரும் கூடி விமானத்தைக் கழுவுவார்கள், சந்தாவை ஏற்றுவதா வேண்டாமா என்று சண்டையும் போட்டுக்கொள்வார்கள். உரிமம் வாங்கியவர்களுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் இவற்றில் பல, இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பயந்து, உரிமம் இல்லாத புது மாணவர்களைச் சேர்ப்பதில்லை. போன் போடும்போது முதலில் அதைக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று பெயரில் கிளப், நடைமுறையில் பள்ளியும் வாடகை நிலையமும். நூற்றுக்கணக்கான உறுப்பினர், டஜன் கணக்கில் விமானம், மாதச் சந்தா, ஆன்லைனில் முன்பதிவு. பாலோ ஆல்டோ, சான் கார்லோஸ் பக்கம் பிரபலமாக இருப்பவை இந்த வகை. இதில் வெளியே தெரியாத ஒரு சூட்சுமம் உண்டு. அங்கே நிற்கும் விமானங்களில் பெரும்பாலானவை கிளப்புடையவை அல்ல. தனியார் யாரோ வாங்கி கிளப்புக்குக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். இதை ‘லீஸ்பேக்’ என்பார்கள். எஞ்சினில் கோளாறு வந்தால் செலவு அந்தச் சொந்தக்காரருடையது. அவர் கையில் பணமில்லை, மனசில்லை என்றால் விமானம் மாதக்கணக்கில் ஹேங்கரில் கிடக்கும். ‘எனக்கே வேண்டும்’ என்று அவர் திரும்ப எடுத்துக்கொண்டு போனால் நீங்கள் பழகிய விமானம் ஒரே நாளில் காணாமல் போகும். ஆகவே “எத்தனை விமானம் இருக்கு?” என்று கேட்பதைவிட, “பயிற்சிக்குத் தோதான, ஒரே மாதிரியான விமானம் எத்தனை? அதில் இன்றைக்குப் பறக்கிற நிலையில் எத்தனை?” என்று கேட்பது பலன் தரும். செஸ்னா 172 நான்கு இருந்து, நான்கிலும் கருவிகள் ஒரே மாதிரி இருந்தால், ஒன்று படுத்தாலும் உங்கள் வகுப்பு நிற்காது. ஒன்றில் பழைய முள் மீட்டர், ஒன்றில் கண்ணாடித் திரை, மூன்றாவது பைப்பர் என்று ஆளுக்கொரு ரகமாக இருந்தால், மாறிய ஒவ்வொரு தடவையும் பொத்தான் தேடுவதில் காசு கரையும். கண்ணாடித் திரை உசத்தி, முள் மீட்டர் மட்டம் என்ற பேச்சை நம்பாதீர்கள். கற்பதற்கு இரண்டும் ஒன்றுதான். முள் மீட்டர் விமானம் பெரும்பாலும் மணிக்குக் கொஞ்சம் மலிவு.

ஒரு கிளப்பின் தரத்தை எடைபோட என்னிடம் இருக்கும் சுலபமான சோதனை, அவர்களின் முன்பதிவுத் திரையைக் காட்டச் சொல்வது. “வர்ற சனிக்கிழமை காலையில ஒரு 172 கிடைக்குமா? செவ்வாய்க்கிழமை சாயங்காலம்?” அலுவலகம் போகிறவர்கள் எல்லாருக்கும் தேவை அந்த நேரங்கள்தான். மூன்று வாரத்துக்கு சனி, ஞாயிறு முழுக்க நிரம்பியிருந்தால், வரவேற்பறையில் எஸ்பிரெஸோ மெஷின் இருந்தென்ன, தோல் சோபா இருந்தென்ன. திரையைக் காட்டத் தயங்குகிற இடத்தில் டீயைக்கூடக் குடிக்க வேண்டாம், வந்துவிடுங்கள்.

விமானத்துக்கு அடுத்தபடி, இல்லை, உண்மையில் அதற்கும் முன்னால், இன்ஸ்ட்ரக்டர். இங்கே ஏன் இன்ஸ்ட்ரக்டர்கள் வந்த வேகத்தில் போய்விடுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள 2009-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து, விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். பலியானவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதில் 2010-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 2013 முதல், பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவும் பொதுவாக 1,500 மணி அனுபவம் தேவையாயிற்று. வணிக உரிமம் வாங்கும்போது கையில் இருப்பது சுமார் 250 மணி. பாக்கி 1,250 மணிக்கு எங்கே போவது? மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் மணியும் சேரும், சம்பளமும் வரும். ஆக உங்கள் பக்கத்தில் உட்காரும் இருபத்துநாலு வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ நீங்கள் ஒரு படிக்கட்டு. இதில் தப்பொன்றும் இல்லை. இவர்களில் அருமையாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் நிறையப் பேர். வாரம் ஏழு நாளும் கிடைப்பார்கள், புத்தகம் மனப்பாடமாக இருக்கும். ஆனால் 1,400 மணியில் இருக்கிறவரிடம் நீங்கள் சேர்ந்தால், தனியாகப் பறக்கத் தயாராகும் நேரத்தில் அவர் டெக்ஸஸில் ஏர்லைன் பயிற்சிக்குக் கிளம்பியிருப்பார். புதியவர் வந்து, உங்களை நம்புவதற்கு முன் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை செய்து காட்டச் சொல்வார். சொல்லத்தான் வேண்டும், உங்களைத் தனியாக அனுப்பக் கையெழுத்துப் போடுவது அவர்தானே. அதற்கான பில் உங்களுக்கு.

எனவே கூச்சப்படாமல் கேளுங்கள்: “உங்க கணக்குல இப்ப எத்தனை மணி? ஏர்லைன் போற எண்ணம் உண்டா? எப்ப?” நல்ல இன்ஸ்ட்ரக்டர் ஒளிக்காமல் சொல்வார். கூடவே, தான் போனால் யாரிடம் ஒப்படைப்பார் என்பதையும் சொல்வார். மறுபக்கம், நரைத்த தலையோடு, வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் ஆசைக்காகச் சொல்லிக்கொடுப்பவர்கள் சிலர் எல்லா கிளப்பிலும் உண்டு. எங்கேயும் ஓடமாட்டார்கள். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார்கள், மழைக்காலத்தில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க அரிசோனா போய்விடுவார்கள். உங்கள் கால அட்டவணையோடு எது பொருந்துகிறது என்று பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்ஸ்ட்ரக்டரோடு ஓர் அறிமுகப் பறப்பு எல்லா கிளப்பிலும் உண்டு. மேலே போனதும் ஜன்னல் வழியே கோல்டன் கேட் பாலத்தைப் படம் எடுப்பதில் நேரம் போய்விடும், பரவாயில்லை, ஆசைப்பட்டுத்தானே வந்தீர்கள். ஆனால் கிளம்புவதற்கு முன் தரையில் நடக்கும் அரை மணி நேரத்தைக் கவனியுங்கள். இறக்கைக்கு அடியில் இருக்கும் வடிகுழாயில் ஒரு கண்ணாடிக் குப்பியை அழுத்தி, கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். வழக்கமான விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும். டாங்கில் தண்ணீர் இறங்கியிருந்தால் குப்பியின் அடியில் குமிழ் குமிழாக உருண்டு நிற்கும். உங்களுக்கு அதைக் காட்டி, “இதுல என்ன தெரியுது?” என்று கேட்கிற இன்ஸ்ட்ரக்டரிடம் சேரலாம். தானே கடகடவென்று சுற்றி வந்து “எல்லாம் ஓகே, ஏறுங்க” என்கிறவர், ஆறு மாதம் கழித்தும் அப்படியேதான் இருப்பார்.

அதே சமயம், அந்த விமானத்தின் குறைபாட்டுப் பதிவையும் பார்க்கக் கேளுங்கள். இதை இங்கே ‘ஸ்குவாக்’ என்பார்கள். ஓட்டியவர்கள் கண்ட கோளாறுகளை ஒவ்வொன்றாக எழுதி வைப்பது. ‘இடது பிரேக் மெத்தென்று இறங்குகிறது’, ‘இரண்டாவது ரேடியோவில் கரகரப்பு’, ‘வலது கதவு மேல் ஓரம் காற்று விடுகிறது’. பதிவில் ஒன்றுமே இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம். ஐம்பது வயது விமானத்தில் குறையே இல்லை என்றால் யாரும் எழுதுவதில்லை என்று அர்த்தம். எழுதிய தேதிக்கும் மெக்கானிக் சரிசெய்து கையெழுத்திட்ட தேதிக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். சில நாள் என்றால் நல்ல வீடு. ஒரே குறை மூன்று பேர் கையெழுத்தில் மூன்று மாதமாகத் தொடர்கிறது என்றால் சொந்தக்காரருக்கும் கிளப்புக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை.

ஆண்டுச் சோதனை எல்லா விமானத்துக்கும் கட்டாயம். அதற்கு மேல், விமானத்தையும் ஆளையும் சேர்த்துக் கொடுத்துக் காசு வாங்கிச் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் ஒவ்வொரு 100 மணிக்கும் ஒரு சோதனை செய்தாக வேண்டும். கூட்டுறவு கிளப்புகளுக்கு இந்த 100 மணி விதி பல சமயம் பொருந்தாது. கட்டாயம் இல்லாதபோதும் அதைச் செய்கிறார்களா என்று ஒரு கேள்வி போட்டு வையுங்கள். விமானத்தின் வாலில் ‘என்’ என்று தொடங்கும் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால், அது எந்த ஆண்டுத் தயாரிப்பு, யார் பெயரில் இருக்கிறது என்பதை எஃப்.ஏ.ஏ. பதிவேட்டில் வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். விபத்து ஏதும் நடந்திருந்தால் அதற்கான விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி.யின் பொதுப் பதிவில் கிடைக்கும்.

எந்த விமான நிலையம் என்பதும் கிளப்பைத் தேர்ந்தெடுப்பதில் பாதி. வீட்டுக்குப் பக்கம் என்பது பெரிய வசதி, ஒப்புக்கொள்கிறேன். 101 நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து போய்ச் சேர்கிறவருக்கு வாரம் இருமுறை என்பது கனவு. ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குணம் உண்டு. பாலோ ஆல்டோவில் ஓடுபாதை 2,450 அடிகூடக் கிடையாது, ஒரு பக்கம் சதுப்பு நிலம், தலைக்கு மேலே சான் பிரான்சிஸ்கோ சர்வதேச விமான நிலையத்தின் வான்வெளி. இங்கே கற்றவர்களுக்கு இறங்குவதில் துல்லியம் வந்துவிடும், ரேடியோவில் நாக்கு திரும்பிவிடும். அதற்கு விலை, ஆரம்பத்தில் மூச்சு முட்டும். ரீட்-ஹில்வியூவில் இணையாக இரண்டு ஓடுபாதைகள், நல்ல வேலை நாளில் இரண்டிலும் மாணவர் வரிசை. லிவர்மோரில் 5,200 அடிக்கு மேல் நீளம், கோடைக் காலையில் கடலோரமெல்லாம் தாழ்மேகம் மூடிக்கிடக்கையில் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் லிவர்மோர் சீக்கிரம் தெளிந்துவிடும். ஆனால் மதியத்துக்கு மேல் வெயிலும் காற்றும் புரட்டி எடுக்கும். தெற்கே சான் மார்ட்டினில் கட்டுப்பாட்டுக் கோபுரமே கிடையாது. விமானிகள் தங்களுக்குள் ரேடியோவில் சொல்லிக்கொண்டு இறங்க வேண்டியது. வரிசையில் நிற்க வேண்டாம், ஒரு மணி நேரத்தில் அதிகத் தடவை இறங்கி ஏறலாம். கோபுரத்தோடு பேசும் பழக்கத்துக்குத் தனியாக வேறு இடம் போய்வர வேண்டும்.

தாழ்மேக விஷயம் கொஞ்சம் முக்கியம். மாணவர்கள் பறப்பது கண்ணால் பார்த்து ஓட்டும் விதிகளின் கீழ். கோபுரம் உள்ள இடத்தில் பொதுவாக மூன்று மைல் பார்வையும், மேகத்தின் அடிமட்டம் ஆயிரம் அடியும் இருந்தாக வேண்டும். ஜூன், ஜூலையில் வளைகுடா ஓரம் பல நாள் காலை பத்து, பதினொன்றுக்குத்தான் மேகம் விலகும். ‘ஆபீசுக்கு முன்னாடி ஏழு மணிக்கு ஒரு வகுப்பு’ என்ற திட்டத்தோடு கோடையில் சேர்பவர்கள் பார்க்கிங்கில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். வானிலையால் ரத்தானால் அபராதம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உண்டு என்று சொல்கிற கிளப், மோசமான வானிலையிலும் கிளம்பச் சொல்லி உங்களைத் தூண்டுகிறது என்பதே என் கட்சி.

ரீட்-ஹில்வியூ பற்றி இன்னொன்று. அதைச் சுற்றி வீடுகள் நெருக்கம். அங்கே வசிக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தின் அளவு பற்றிய ஆய்வு ஒன்றை 2021-இல் சாண்டா கிளாரா கவுண்டி வெளியிட்டது. 2022 ஜனவரி 1 முதல் தன் பொறுப்பில் உள்ள ரீட்-ஹில்வியூ, சான் மார்ட்டின் இரண்டிலும் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பதை நிறுத்திவிட்டது. முதலில் வந்த மாற்று எரிபொருள் எல்லா எஞ்சினுக்கும் ஒத்துவராது. உயர் அழுத்த எஞ்சின்காரர்கள் வேறு ஊரில் போய் நிரப்பிக்கொண்டு வந்தார்கள். நிலையத்தையே மூட வேண்டும் என்ற பேச்சும் ஓய்ந்தபாடில்லை. அங்கே சேர்வதென்றால் கிளப் எந்த எரிபொருளைப் போடுகிறது, அதற்கென்று தனிக் கட்டணம் உண்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். விமானம் ஓட்டுவது நம் ஆசை. ஈயம் அடுத்த தெருப் பிள்ளைகளின் மூச்சில் போகிறது. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

இனி மடித்து வைத்த பட்டியலைப் பிரிக்கலாம். மணிக்கு 180 என்று இரண்டு கிளப்பும் போட்டிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. முதலில், பெட்ரோல் சேர்த்தா சேர்க்காமலா? சேர்த்தது ‘வெட்’, சேர்க்காதது ‘ட்ரை’. ஒரு 172 மணிக்கு எட்டொன்பது காலன் குடிக்கும், ஆகவே வித்தியாசம் சின்னதல்ல. அடுத்தது, எந்த மணி? விமானத்தில் இரண்டு மீட்டர் உண்டு. ‘ஹாப்ஸ்’ என்பது எஞ்சின் ஓடத் தொடங்கியதிலிருந்து நிஜ நேரத்தைக் கணக்கிடும், சிக்னலில் நிற்கும்போதும் வெயிட்டிங் சார்ஜ் ஓடுகிற ஆட்டோ மீட்டரேதான். ‘டாக்’ எஞ்சின் சுழற்சியை எண்ணுவது. முழுப் பயண வேகத்தில்தான் அது கடிகாரத்தோடு ஒத்துப் போகும், தரையில் ஊர்ந்து வரிசையில் நிற்கும்போது மெல்ல நகரும். பயிற்சிப் பறப்பில் ஹாப்ஸைவிட டாக் 15, 20 சதவீதம் குறைவாகக் காட்டுவது சகஜம். ஆக டாக் கணக்கில் 200 என்பது, ஹாப்ஸ் கணக்கில் 180-ஐவிட மலிவாக முடியலாம். எக்செல்லில் இதற்கொரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்ட்ரக்டரின் நேரத்தையும் கவனியுங்கள். சிலர் பறந்த நேரத்துக்கு மட்டும் வாங்குவார்கள். சிலர் நீங்கள் கதவைத் திறந்து உள்ளே வந்ததிலிருந்து. பறப்பதற்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து பேசுகிற அரை மணிக்குக் காசு கேட்பது நியாயம், கற்பது பாதி அங்கேதான். ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

முழுப் பணத்தையும் மொத்தமாகக் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்பார்கள். கட்டாதீர்கள். 2008 பிப்ரவரியில் நெவாடாவைத் தலைமையிடமாகக் கொண்ட சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பயிற்சி நிறுவனம், நாடெங்கும் கிளை பரப்பியிருந்தும், திடீரென்று திவாலாகிக் கதவை மூடியது. பல ஆயிரம் டாலர் கடன் வாங்கி முன்பணம் கட்டியிருந்த மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். சின்ன அளவில் இது அவ்வப்போது நடப்பதுதான். இரண்டு மூன்று வகுப்புக்கு ஆகிற தொகையைக் கணக்கில் போட்டு வைத்து, தீரத் தீர நிரப்பினால் போதும்.

இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டால் “கிளப்புக்கு இருக்கு” என்பார்கள். கிளப்புக்கு இருப்பது கிளப்பைக் காக்க. நீங்கள் ஓட்டுகையில் முன்சக்கரம் மடங்கினால், பல இடங்களில் முதல் சில ஆயிரம் டாலர் உங்கள் பொறுப்பு. கம்பெனி பணம் கொடுத்துவிட்டு உங்கள் மீதே வழக்குப் போடவும் வழி உண்டு. வாடகை விமானம் ஓட்டுபவர்களுக்கென்றே தனி பாலிசி கிடைக்கிறது. தனியாகப் பறக்கும் நாளுக்கு முன் எடுத்துவிடுங்கள்.

இரண்டு காகித வேலை உண்டு, முதலாவது நம்மவர்களில் பலருக்கு. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத யாரானாலும், கிரீன் கார்டு இருந்தாலும்கூட, பயிற்சி தொடங்குமுன் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டி.எஸ்.ஏ.விடம் கைரேகை கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். எச்-1பி-யில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் கற்பதற்குத் தடை இல்லை. வேறு விசாவென்றால் வக்கீலைக் கேளுங்கள். இதில் கிளப்புக்கும் வேலை இருக்கிறது. அவர்களோ இன்ஸ்ட்ரக்டரோ டி.எஸ்.ஏ.வில் பதிவு செய்திருக்க வேண்டும். எல்லாரும் செய்திருப்பதில்லை. போன் போட்டதும் இதைக் கேட்டால் பட்டியல் தானாகச் சுருங்கும்.

மற்றது மருத்துவச் சான்று. மூன்றாம் வகுப்புச் சான்று போதும். நாற்பது வயதுக்குள் எடுத்தால் ஐந்தாண்டு செல்லும், அதற்கு மேல் இரண்டாண்டு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டாலும் கட்டுக்குள் இருந்தால் சிக்கல் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ என்றால் சிறப்பு அனுமதிக்குப் போக வேண்டும். கிடைக்கும், ஆனால் மாதங்கள் ஆகும். படிவத்தை நிரப்புவதற்கு முன்பே எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் வெறும் ஆலோசனையாகப் பேசிவிடுங்கள். விண்ணப்பித்து மறுக்கப்பட்டால் அது பதிவில் நிற்கும். கிளப்பில் சேர்ந்து பணம் கட்டி, பத்து மணி பறந்தபின் மருத்துவரிடம் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஊரிலிருந்து போனில் கேட்கிற சொந்தக்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். சென்னையில் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் 1930-லேயே தொடங்கியது. இந்தியாவிலும் தனியார் உரிமத்துக்குச் சட்டம் கேட்பது குறைந்தபட்சம் 40 மணி. ஆனால் அங்கே கிளப்புகளில் நிறைந்திருப்பவர்கள் ஏர்லைன் வேலைக்காக 200 மணி சேர்க்க வந்த பிள்ளைகள். பொழுதுபோக்காகக் கற்க வருபவர் அந்த வரிசைக்குப் பின்னால் நிற்க வேண்டும். விமானம் எத்தனை, மாணவர் எத்தனை, இன்றைக்குப் பறப்பது எத்தனை என்ற மூன்று கேள்விக்கும் அங்கே இன்னும் கனம் அதிகம்.

கடைசிப் பரீட்சையை ‘செக்ரைடு’ என்கிறோம். அதை எடுக்க எஃப்.ஏ.ஏ. நியமித்த தேர்வாளர்கள் இங்கே தட்டுப்பாடு. பல வாரம் காத்திருந்து, ஆயிரம் டாலரைத் தொடும் கட்டணம் கட்டி, அதற்குள் கை மறக்காமலிருக்க இன்னும் சில மணி பறந்து என்று அதுவே தனிச் செலவு. தேர்வாளர்களோடு நல்ல பழக்கம் உள்ள கிளப்பில் முன்கூட்டியே தேதி வாங்கி வைப்பார்கள். “போன வருஷம் உங்க மாணவர்கள் எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை மணியில முடிச்சாங்க?” என்று கேளுங்கள். விளம்பரத்தில் இருக்கும் சோலோ படங்களை எண்ண வேண்டாம். தனியாகப் பறந்துவிட்டு அப்புறம் வராமல் போனவர்கள் எங்கேயும் உண்டு.

சேர்ந்தபின் பிடிக்கவில்லை என்றால் பாதியில் மாறலாமா என்று எல்லாரும் கடைசியில் கேட்பார்கள். தாராளமாக. சாதாரண ‘பார்ட் 61’ பயிற்சியில் பறந்த ஒவ்வொரு மணியும் லாக்புக்கில் உங்கள் பெயரில் இருக்கிறது, எங்கே போனாலும் செல்லும். பார்ட் 141 பள்ளிக்கு மாறிப் போனால் மட்டும், எங்கிருந்து வந்தாலும், எல்லா மணியையும் அப்படியே ஏற்கமாட்டார்கள், வரம்பு உண்டு. எங்கே இருந்தாலும், ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் லாக்புக்கில் இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்தை அன்றைக்கே வாங்கி, அந்தப் பக்கத்தையும் பாடக் குறிப்பேட்டையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன இன்ஸ்ட்ரக்டரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது, செக்ரைடு தேதி வாங்குவதைவிடக் கஷ்டம்.